புதைத்து வைத்த தாலந்து



சிக்கனத்தைப் பற்றி நம் மக்களுக்குப் புதிதாக உபதேசிக்க வேண்டியதில்லை. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கும் தாய்மாரை நாம் அறிவோம். உழைப்பாளி தன் மனைவி மக்களைக் காத்தது போகச் சிறிது மிச்சம் பிடிக்கவும் கூலி இடந்தர வேண்டும் என்னும் கருத்து, 1891இல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் வெளியிட்ட சுற்றுமடலிலேயே காணப்படுகிறது. ஆயினும் மிச்சம் பிடித்தால் மட்டும் போதுமா? அது வேண்டிய வேளையில் குடும்பத்தின் கைக்கு வந்து சேர வேண்டாமா?

நம் நாட்டில் அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1882இல் தோன்றியது. சீட்டு நடத்தியவர் ஊரைவிட்டு ஓடிய செய்தி கேட்டுக் கலங்கும் எளிய மக்கள், அரசின் உத்தரவாதத்தை நம்பியே அதை நாடுகின்றனர். 1988இல் கிசான் விகாஸ் பத்திரம் வந்தது. ஐந்தரை ஆண்டுகளில் பணம் இரட்டிப்பாகும் என்றபடியால் உழவரல்லாதாரும் விரும்பி வாங்கினர். 2011இல் நிறுத்தப்பட்ட அத்திட்டம் 2014இல் மீண்டும் வந்தது. வட்டியை அரசு காலாண்டுதோறும் அறிவிக்கிறது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 7.5 விழுக்காட்டின்படி, பணம் இரட்டிப்பாக 115 மாதங்கள் ஆகும்.

இத்தகைய பத்திரம் ஒன்றைக் குடும்பத் தலைவர் ஒருவர் வாங்கியிருந்தார். சொன்னால் செலவாகிவிடும் என்று அஞ்சி மனைவியிடம் சொல்லவில்லை. நியமனதாரர் பெயரும் எழுதவில்லை. திடீரென இறைவனடி சேர்ந்தார். மகனின் கல்லூரிக் கட்டணத்திற்காக அந்தத் தாய் நகைகளை அடகு வைத்தார். பின்னர் வட்டிக்கும் வாங்கினார். இரண்டு ஆண்டுகள் சென்றபின், பழைய துணிப்பெட்டியின் அடியில் பத்திரம் அகப்பட்டது. வாரிசுச் சான்று, உறுதிமொழிப் பத்திரம், சாட்சிகள் என்று அலைந்து பணத்தைப் பெற்றபோது, அதில் பெரும்பகுதி வட்டிக்காரருக்கே போயிற்று.

அந்தத் தந்தை தீயவரல்லர், அன்பினாலேயே சேமித்தார். நம் ஆண்டவர் சொன்ன உவமையில் தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியனும் அதைத் திருடவில்லை, அஞ்சி மறைத்தான். மறைத்ததனால் அது யாருக்கும் பயன்படவில்லை.

2016 ஜூலை முதல் அஞ்சலகத்தில் அச்சிட்ட பத்திரங்கள் தருவதில்லை. கணக்குப் புத்தகத்தில் பதிவு செய்து தருகிறார்கள். ஆகவே, இனி பெட்டியின் அடியில் பத்திரம் அகப்படும் என்றும் எதிர்பார்க்க இயலாது.

“மனைவியின் பெயரை எழுதினால் மற்றவர்களுக்கு உரிமை போய்விடுமே” என்று தயங்குவோர் உண்டு. நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் தகுதியுடையவரே. வாரிசுகளின் உரிமை அதனால் அழிவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தெளிவுபடுத்தியுள்ளது.

அரசு தரும் உதவிகளும் இவ்வாறே அறியாமையால் கைநழுவுகின்றன. 2015இல் தொடங்கிய செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில், 10 வயது நிரம்பாத பெண் குழந்தையின் பெயரில் ஆண்டுக்கு 250 ரூபாயேனும் செலுத்திச் சேமிக்கலாம். 18 வயதானபின் உயர்கல்விக்காகப் பாதித்தொகை வரை எடுக்கலாம். கல்லூரி செல்லும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டத்தைத் தமிழக அரசு 2022இல் தொடங்கியது. முதலில் அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மட்டுமே இருந்த இவ்வுதவி, உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் பயின்றோர்க்கும் 2024 டிசம்பரில் விரிவாக்கப்பட்டது. நம் திருச்சபைப் பள்ளிகள் பலவற்றின் மாணவியரும் இதில் அடங்குவர் அன்றோ?

இங்கே நம்மவர்க்கே உரிய ஒரு தொல்லை உண்டு. ஞானஸ்நானத்தில் ‘ஆரோக்கிய மேரி’, பள்ளியில் ‘மேரி’, ஆதாரில் ‘ஆரோக்கியமேரி’ என்று ஒரே பிள்ளைக்கு மூன்று பெயர்கள்! விண்ணப்பம் தடைப்பட்ட பிறகே பலர் சான்று கேட்டுப் பங்கு அலுவலகத்திற்கு ஓடி வருகின்றனர். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் நாளிலேயே பெயரையும் தலைப்பெழுத்தையும் ஒன்றாக்கி விடுங்கள்.

இம்மாதம் ஒரு மாலை, குடும்பச் செபமாலை முடிந்தவுடன், எழுந்து போகாமல் கணவனும் மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் கூடி அமருங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எண், அலுவலகத்தின் பெயர், முதிர்வு நாள், நியமனதாரர் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். கடன் இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். நியமனதாரர் பெயர் விடுபட்டிருந்தால் அடுத்த வேலைநாளிலேயே சென்று பதியுங்கள்.

திருமண நாளில் பீடத்தின் முன் இன்பத்திலும் துன்பத்திலும் பிரமாணிக்கமாய் இருப்பதாக வாக்களித்தீர்கள். வீட்டுக் கணக்கை வாழ்க்கைத் துணையிடம் திறந்து காட்டுவதும் அந்தப் பிரமாணிக்கத்தின் ஒரு பகுதியே. திருக்குடும்பத்தைக் கண்ணுங்கருத்துமாய்ப் பேணிய புனித சூசையப்பர் உங்கள் இல்லங்களுக்குத் துணை நிற்பாராக!