ஒரு தந்தி பேச, இரு தந்தி அடங்குக!

சுருதி சேர்ப்பது என்றால் தந்தியை முறுக்குவது என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். முறுக்குவது பிற்பாடு. முதல் வேலை, பக்கத்துத் தந்தியின் வாயை அடைப்பது! பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் தொழிலாளியின் பையைத் திறந்து பாருங்கள். திருகுசாவியோடு ரப்பர் ஆப்புகளும் கம்பளி நாடாவும் இருக்கும். அந்த ஆப்புக்கும் நாடாவுக்குமாகத்தான் இன்று வாதாட வந்திருக்கிறேன். இசை கற்பிக்கும் இடங்களிலெல்லாம் இந்த வித்தையும் பாடமாக வேண்டும் என்பது என் கட்சி.

"சாந்திபுரத்துக்கும் குப்பத்துக்கும் பியானோ எதற்கு ஐயா?" என்று நண்பர்கள் நகைப்பது காதில் விழுகிறது. நம் வட்டாரத்துக்கு மேனாட்டு இசை புதிதன்று. 1919-இல், அன்றைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியில் தாகூர் வந்து தங்கியபோது, 'ஜன கண மன' பாடலின் மெட்டை மேனாட்டு முறையில் சுரக்குறிப்பாக எழுதி வைத்தவர் மார்கரெட் கசின்ஸ் அம்மையார். அயர்லாந்திலே இசைப் பட்டம் பெற்றவர் அவர். அதனினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. பியானோவில் கற்கும் இந்தப் பாடம் எல்லா நரம்புக் கருவிகளுக்கும் உதவும்.

பியானோவில் கட்டைகள் 88. தந்திகளோ ஏறத்தாழ 230. அடிக்கட்டைகளுக்குத் தடித்த தந்தி ஒவ்வொன்று; சற்று மேலே இரண்டிரண்டு; நடுவிலிருந்து உச்சி வரை மும்மூன்று. கட்டையை அழுத்தினால் சுத்தி ஒன்று மூன்று தந்திகளையும் ஒருசேர அடிக்கும். மூன்றும் ஒத்திருந்தால் கேட்பது ஒரே குரல். ஒன்று நொடிக்கு 440 முறையும் மற்றொன்று 442 முறையும் அதிர்ந்தால், ஓசை நொடிக்கு இருமுறை ஏறி இறங்கும். இதனைப் பௌதிகப் புத்தகம் விம்மல் என்று சொல்லும். மூன்றும் மூன்று விதமாய்ப் போனால்? சந்தை இரைச்சல்தான்! அந்த இரைச்சலிலே குற்றவாளி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆகவே தொழிலாளி நீண்ட கம்பளி நாடாவை எடுத்து, நடுப்பகுதித் தந்திகளின் இடைவெளிகளில் மடித்து மடித்துச் செருகுகிறார். ஒவ்வொரு மூன்றிலும் ஓரத்துத் தந்திகள் இரண்டும் ஊமையாகின்றன. நடுத்தந்தி மட்டும் பேசுகிறது. இந்த நடுத்தந்திகளை வைத்தே பன்னிரு சுரங்களுக்கும் அடித்தளம் போடுகிறார். பிறகு நாடாவை ஒவ்வொரு மடிப்பாக உருவி, ஓரத்துத் தந்தியை நடுத்தந்தியோடு கூட்டுகிறார். விம்மல் மெல்ல மெல்ல நீண்டு, முடிவில் அடங்குகிறது. நாடாவுக்கு இசையாத இடங்களில் ரப்பர் ஆப்பு. நெட்டை பியானோவிலோ தந்திகளுக்கு முன்னே சுத்திகள் மறித்து நிற்கும். அங்கே இடுக்கி போன்றதொரு கருவியைச் சுத்திக் காம்புகளின் ஊடே நுழைத்து, ஓரத்துத் தந்திகளை அழுத்திப் பிடிக்கச் செய்வார்கள்.

விம்மலை ஒழித்தால் மட்டும் போதாது; அளவோடு விட்டு வைக்கவும் தெரிய வேண்டும். சமமாகப் பங்கிட்ட பன்னிரு சுரங்களில் ஷட்ஜ பஞ்சம உறவுகூட முழுத் தூய்மையாய் இராது. 220 அதிர்வுள்ள சுரத்துக்கும் அதன் பஞ்சமத்துக்கும் இடையே, நான்கு நொடிக்கு மூன்று விம்மல் என்ற அளவில் குறை வைக்க வேண்டும். இவ்வளவு நுட்பமான கணக்கைச் செவியாலே போடுகிறவரை வெறும் கூலியாள் என்று எண்ணுவது நீதியா?

"கைப்பேசியிலே செயலி வந்துவிட்டதே, செவி எதற்கு?" என்று கேட்பீர்கள். செயலி வரட்டும், அதனோடு எனக்குப் பகையில்லை. ஆனால் மூன்று தந்திகள் மூன்று விதமாய்ப் பேசும்போது அதன் முள் எதைக் காட்டும்? அதுவும் தடுமாறும். செயலியை நம்புகிறவரும் ஆப்பைச் செருகியே தீர வேண்டும். அடக்கத் தெரியாதவருக்கு அளக்கும் கருவியால் பயன் என்ன?

இது அயலார் வித்தை என்று ஒதுக்குவோர் சிலப்பதிகாரத்தைப் புரட்டட்டும். யாழ் வாசிப்போர்க்கு வகுத்த எட்டுக் கலைத்தொழில்களுள் முதலாவது பண்ணல், அதாவது பண்ணுக்கேற்ப நரம்புகளை வீக்கி அமைத்தல். அடுத்தடுத்து வரும் தொழில்களுள் ஒன்று ஆராய்தல். நரம்பின் குற்றங்களாகச் செம்பகை, ஆர்ப்பு, அதிர்வு, கூடம் என்ற நான்கை எண்ணினார்கள். கூடம் என்பது ஓசை மழுங்கி ஒலித்தல். குற்றத்துக்குப் பெயர் வைத்த செவி எத்துணைக் கூரிய செவி! அந்த மரபில் வந்த நாம் இன்று பொத்தானை அழுத்திச் சுருதிப் பெட்டியைப் பாட விடுகிறோம். தம்புராவின் நடுத்தந்திகள் இரண்டும் ஒரே ஷட்ஜம். அவற்றைக் கூட்டும் செவியும் பியானோவின் மூன்று தந்திகளைக் கூட்டும் செவியும் ஒன்றே. வீணையில் வாசிப்புத் தந்தி நான்கு, தாளத்தந்தி மூன்று; ஒன்றைச் சேர்க்கையில் மற்றவை உடன் முனகும். விரலால் அவற்றை அடக்கிவிட்டுக் கேட்டால்தான் உண்மை விளங்கும்.

இதிலே பிழைப்பும் இருக்கிறது, தோழர்களே! பாரிஸ் நகரத்துக் குளோத் மோந்தால் கண்பார்வை இழந்தவர். பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் கலையைப் பற்றி 1836-இல் நூலே வெளியிட்டார். தம்மைப் போன்ற பார்வையற்றோர்க்கும் அக்கலையைக் கற்பித்தார். லண்டனில் 1872-இல் தொடங்கிய பார்வையற்றோர் கல்லூரியும் அவர்களைத் தொழிலாளராய் ஆக்கி அனுப்பியது. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் பார்வையற்ற தோழர்கள் பயில்கிறார்கள். அவர்களுக்கு நாம் வழங்கும் இரக்கச் சொற்கள் ஏராளம். காட்டும் தொழில்கள் எத்தனை? இத்தொழிலை அவர்களுக்கென்றே ஒதுக்கச் சொல்லவில்லை; அவர்களுக்குக் கதவடைக்கக் கூடாது என்கிறேன்.

வேலை கிடைக்குமா என்ற ஐயம் எழலாம். சென்னையில் 1842-இல் மிஸ்க்வித் கடையாகத் தொடங்கிய இசைக்கருவி நிலையம் 'மியூசி மியூசிக்கல்' என்ற பெயரோடு வாழ்கிறது. பியானோ நம்மிடையே அத்தனை காலமாக இருக்கிறது. மாதா கோயில்களிலும் பள்ளிகளிலும் திரையிசைக் கூடங்களிலும் அது ஒலிக்கிறது. மழைக்காலத்தில் அதன் ஒலிப்பலகை ஈரம் குடித்து உப்பினால் சுருதி ஏறும். கோடையில் காய்ந்தால் இறங்கும். ஆகவே ஒருமுறை சேர்த்தால் ஆயுளுக்கும் போதும் என்பது இல்லை. தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசை பயின்ற இளையராஜாவை நாடறியும். பியானோவில் வாசித்தவர்களின் பெயர்களும் சிலருக்குத் தெரியும். சுருதி சேர்த்தவரின் பெயரை யாரறிவார்? பெயரறியாத தொழிலுக்கு வாரிசு எப்படி வரும்?

நான் கேட்பது பெரிய பொருளன்று. இசைத்துறைகளில் ஒரு பருவம், வாரம் இரண்டு மணி நேரம். பழைய பியானோ ஒன்று கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வீணையிலும் தம்புராவிலும் தொடங்கலாம். ஆசிரியராகப் பட்டம் பெற்றவரைத் தேட வேண்டியதில்லை. தொழிலாளியையே அழைத்து, நாற்காலி போட்டு, உரிய ஊதியமும் கொடுத்துக் கற்றுக்கொள்வோம். ஒரு பருவத்தில் எவரும் வல்லவராகிவிட மாட்டார். ஆனால் எந்தத் தந்தியை அடக்கினால் எந்தத் தந்தி உண்மை சொல்லும் என்பதையாவது அறிந்துகொள்வார். மற்றதைப் பயிற்சி பார்த்துக்கொள்ளும்.

நாடா ஒன்று, ஆப்பு நான்கு, திருகுசாவி ஒன்று. நம் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதற்கொரு தீர்மானம் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். எதிர்ப்போர் எதிர்த்துப் பேசுங்கள், கேட்கக் காத்திருக்கிறேன். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச வேண்டாம், ஒவ்வொருவராகப் பேசுங்கள்!