ஊசி இல்லை, ஆனாலும் உஷார்!

மூன்று வயதுக் குழந்தை. தலையை "ஸ்கேன்" எடுக்க வேண்டும் என்கிறார், டாக்டர். எந்திரமோ "டமடம" என்று சத்தம் போடும். அதற்குள் குழந்தை ஆடாமல் அசையாமல் படுத்திருக்குமா? இருக்காது. ஆகவே, தூங்க வைக்க வேண்டும்.

ஊசியைக் கண்டால் குழந்தை வீறிடும். பெற்ற மனம் துடிக்கும். இதற்கு இன்று வழி இருக்கிறது.

"டிரைக்ளோபாஸ்" என்ற மருந்தைக் குடிக்கக் கொடுக்கலாம். "மிடாசோலம்" மருந்தை வாய் வழியாகவும் கொடுக்கலாம், மூக்கிலும் தெளிக்கலாம். ஆனால், மூக்கில் எரியும். "டெக்ஸ்மெடெட்டோமிடின்" என்ற மருந்து அவ்வளவாக எரிவதில்லை. மூக்கில் தெளித்தால், ஏறக்குறைய அரை மணியில் குழந்தை தூங்கிவிடும். மூக்கின் உள்ளே உள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் மருந்தை உறிஞ்சிக்கொள்கின்றன.

நல்லதுதான். ஆனால், ஊசி இல்லை என்றால் ஆபத்தும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது! எந்த வழியாகப் போனாலும் மருந்து மருந்துதான். மயக்கம் மிஞ்சினால், நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கும்.

ஆகவே, இந்த மருந்தை வீட்டிலேயே கொடுத்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வரக் கூடாது. பஸ்சில் தலை கவிழ்ந்து மூச்சு அடைத்தால், யாருக்குத் தெரியும்? "தூங்குகிறது" என்றுதானே நினைப்போம்! அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 1985-ம் ஆண்டிலேயே இதற்கு விதிகள் வகுத்தது. வீட்டில் மருந்து கொடுக்காதீர்கள் என்று அந்தக் கழகம் எச்சரிக்கிறது.

இன்னொன்று, வயிறு. மருந்துக்கு முன் 6 மணி நேரம் சோறு, இட்லி, பசும்பால் கூடாது. தாய்ப்பால் 4 மணி நேரம் முன்னதாக நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை கொடுக்கலாம். "பச்சைக் குழந்தை பசிக்குமே" என்று பாட்டி இரக்கப்பட்டுப் பால் கொடுத்துவிடுவார். மயக்கத்தில் வாந்தி வந்தால், அது நுரையீரலுக்குள் போய்விடும். கொடுத்துவிட்டால் மறைக்காதீர்கள். ஸ்கேனை இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம்.

சளி, குறட்டை இருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். நன்றாக விழிக்கும் வரை ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பாதீர்கள்.

தாய்மார்களே! கூச்சப்படாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: "என் குழந்தை தூங்கும்போது, வேறு வேலை பார்க்காமல் அதன் மூச்சை மட்டும் கவனிக்க ஓர் ஆள் இருக்கிறாரா?"

"இருக்கிறார்" என்ற பதில் வந்த பிறகு, மருந்துக்குச் சம்மதியுங்கள்.