கையிலே கணினி, சாவி வேறெவரிடமோ

இலங்கையில் 2019ஆம் ஆண்டிலே, ஐந்து வீடுகளுக்கு ஒன்று என்ற அளவிற்குச் சற்று மேலாகவே கணினி இருந்ததாகத் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்குக் கூறுகிறது. நாடு முழுமைக்குமான சராசரி இது. திருகோணமலை மாவட்டத்தின் தென்னெல்லையிலே, 2004இல் கடல்கோளையும் 2006இல் போரினால் இடப்பெயர்வையும் கண்ட வெருகலில் அச்சராசரியைத் தேடுவோர் ஏமாறவே நேரும். ஆனால், கையடக்கத் தொலைபேசி அங்கும் உண்டு. 2020இலும் 2021இலும் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் வந்ததும் அதன் வழியேதான். ஆகவே, நகரத்து மாணவனுக்கு மேசைக் கணினியின் துணையாக விளங்கும் அக்கருவி, வெருகல் மாணவனுக்குக் கிடைத்த ஒரே கணினியாகும். அது மெய்யாகவே கணினிதானா, அன்றிப் பிறர் சரக்கைக் காட்டும் கண்ணாடி அலுமாரி மட்டுந்தானா என்பதை, அவனைக் கேளாமலே, எங்கோ இருக்கும் இரண்டு நிறுவனங்கள் தீர்மானித்து வருகின்றன.

உயர்தர வகுப்பின் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திலே பைத்தன் என்னும் நிரல்மொழி கற்பிக்கப்படுகிறது. நிரலைத் தாளில் மட்டும் எழுதிப் பயில்வது, நீச்சலைக் கரும்பலகையிற் பயில்வது போன்றதன்றோ? அதைத் தொலைபேசியிலேயே இயக்கிப் பார்க்கலாம் என்பது பல ஆசிரியர்களுக்கே புதிய செய்தியாக இருக்கக்கூடும். அண்ட்ரொயிட் இயங்குதளத்தின் கரு லினக்ஸ். உலகின் பெருங்கணினிகளை நடத்துவதும் அதே குடும்பந்தான். டெர்மக்ஸ் என்ற இலவசச் செயலியை நிறுவினால் கறுத்த திரையொன்று தோன்றும். படங்களைத் தொடுவதற்குப் பதிலாக, கட்டளையைச் சொற்களாகத் தட்டச்சுச் செய்து கருவியை ஏவுவது அதன் முறை. ஒரு வரியிலே பைத்தன் வந்து குடியேறும். தொலைபேசியின் பூட்டு எதனையும் உடைக்க வேண்டியதில்லை.

அவ்வாறு பைத்தனைப் பெற்ற மாணவன் தன் ஊர்ப்பெயரைக் கொடுத்து அதன் நீளம் யாதெனக் கேட்கட்டும். 'வெருகல்' என்பதில் நான்கு எழுத்துக்கள் என்பார் தமிழாசிரியர். பைத்தனோ ஏழு என்னும். வகரத்தையும் அதன் கொம்பையும் அது வெவ்வேறாக எண்ணுகிறது. ரகரத்தையும் உகரக் குறியையும், லகரத்தையும் புள்ளியையும் அவ்வாறே. யூனிக்கோட்டுக் குறிமுறை நம் எழுத்தை உறுப்புறுப்பாக வைத்திருப்பதன் விளைவு இது. 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியை ஆக்கிய முத்து அண்ணாமலை முதலானோர் உருவாக்கிய 'ஓப்பன்-தமிழ்' நிரற்றொகுதியை இன்னுமொரு கட்டளையால் இறக்கி எழுத்துக்களைப் பிரிக்கச் சொன்னால், நான்கென்ற விடை வரும். உயிர்மெய் என்றால் என்ன என்பதை ஒரு பொறிக்கு விளக்க வேண்டிய நிலையிலேதான் அதை நாமே எவ்வளவு அறிந்துள்ளோம் என்பது புலனாகிறது. (அக்கறுத்த திரையிலே தமிழ் பலவேளைகளிற் சீராகத் தோன்றுவதில்லை, கொம்பும் புள்ளியும் இடம் பிசகி நிற்கும். அதைத் திருத்தும் கை நம்மவருடையதாக இருந்தால் நன்று.)

இவ்வாய்ப்பு குறுகிக்கொண்டே வருகிறது. 2019இல் வெளிவந்த அண்ட்ரொயிட் 10, ஒரு செயலி தானே இறக்கிவைத்த நிரலைத் தானே இயக்குவதைப் புதிய விதிக்குட்பட்ட செயலிகளுக்குத் தடுத்தது. டெர்மக்ஸ் பழைய விதியின்கீழேயே நின்றுகொண்டது. அதனால் 2020இல் கூகுளின் கடையில் அதன் புதுப்பிப்பு நின்றது. பின்னர் எஃப்-ட்ராய்ட் எனும் கட்டற்ற மென்பொருட் களஞ்சியமே அதன் முதன்மை வீடாயிற்று. 2025 ஆகஸ்டிலோ கூகுள் மேலும் ஒரு படி சென்றது. கடைக்கு வெளியிலிருந்து வரும் செயலியாயினும், அதை ஆக்கியவர் தம் அடையாளத்தைக் கூகுளிடம் பதிவு செய்திருக்க வேண்டும். 2026 செப்டெம்பரிற் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் தொடங்கி, 2027 முதல் ஏனைய நாடுகளுக்கும் இது விரியும் என அறிவித்தது. இவ்விதியின்கீழ்த் தன்னால் இயங்க முடியாதென எஃப்-ட்ராய்ட் எதிர்த்தது. கண்டனங்கள் பெருகவே, அனுபவமுள்ளோர் அபாயத்தை அறிந்து ஏற்று நிறுவுவதற்குத் தனிவழியொன்று திறக்கப்படும் என்று நவம்பரிற் கூகுள் சற்றே இறங்கி வந்தது.

அப்பிளின் ஐபோன் பிறந்த 2007 முதலே பூட்டிய வீடு. ஜே ஃப்ரீமன் 2008இற் சிடியா என்ற நிறுவியை வெளியிட்டு, டெபியன் லினக்ஸின் முறையை அதற்குட் கொண்டுசென்றார். ஆனால் முதலிற் பூட்டை உடைத்தாக வேண்டும். அவ்வாறு உடைப்பது பதிப்புரிமைச் சட்டமீறல் ஆகாதென ஐக்கிய அமெரிக்கா 2010இல் விலக்களித்தது. விலக்குக் கிடைத்ததேயன்றிப் பூட்டுத் தளரவில்லை.

பூட்டுக்கு நியாயமே இல்லையென்று வாதிடுவது நேர்மையன்று. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, ஒரு முதியவரைக் கொண்டே தீய செயலியை நிறுவச் செய்து, அவருடைய சேமிப்பைக் கவரும் கூட்டம் மெய்யானது. கடைக்கு வெளியே இணையத்திலிருந்து நிறுவப்படுவனவற்றில் ஐம்பது மடங்குக்கும் மேலாகத் தீநிரல் காணப்பட்டதென்று கூகுள் சொல்கிறது. எனினும், அம்முதியவருக்கு வேண்டிய தாழ்ப்பாளும் இம்மாணவனுக்கு வேண்டிய திறவுகோலும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. உரத்த எச்சரிக்கை இருக்கட்டும், காத்திருக்கும் நேரமும் இருக்கட்டும். இறுதிச் சொல் மட்டும் பணங்கொடுத்து வாங்கியவனுடையதாக இருத்தல் வேண்டும். 2025 மார்ச்சிலே தன் பிக்சல் தொலைபேசிகளுக்குள் முழு டெபியனையே இயக்கும் முனையத்தைக் கூகுளே வழங்கியதைப் பார்க்கும்போது, பாதுகாப்பும் கட்டளை வரியும் ஒரே கூரையின்கீழ் வாழக்கூடும் என்பது தெளிவு. பிக்சலின் விலை வெருகலுக்கு எட்டாதது என்பதுதான் குறை.

எஃப்-ட்ராய்டில், இணையமின்றியே அருகிலுள்ள தொலைபேசிக்குச் செயலியைக் கைமாற்றும் வசதியொன்றுண்டு. ஆசிரியர் ஒருவர் தரவுக்குப் பணம் செலுத்தி டெர்மக்ஸை ஒருமுறை இறக்கிவிட்டால், வகுப்பு முழுவதும் அதைப் பெற்றுக்கொள்ளலாம். புதிய விதி நம் நாட்டுக்கு வந்தால் முதலில் இடறுப்படுவது இந்தக் கைமாற்றே. கூகுள் சொல்லும் தனிவழிக்கு எத்தனை படிகள், பதினேழு வயது மாணவனால் அவற்றை ஏற இயலுமா என்பதைக் கல்வி அமைச்சும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் அதற்கு முன்னரே கேட்டறிய வேண்டும்.