குரக்கன் விளையும், வாங்க ஆள் வேண்டும்

தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் செய்திமடலில் நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் நம் வீட்டு அடுப்பில் இருக்கிறது. லயத்தில் காலையில் கோதுமை மா ரொட்டி. கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கட்டிக்கொண்டு போவதும் அதே ரொட்டி. 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார அளவீட்டில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத சிறு பிள்ளைகள் நாடு முழுவதற்கும் 17 வீதம், தோட்டப்புறத்தில் 32 வீதம். இந்தக் கணக்கை வகுப்பறையில் தினமும் கண்ணால் பார்க்கிறவர்கள் நாம். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. வெள்ளை அரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான். அந்தக் குரக்கனை விளைவிக்கக்கூடிய காணி தீவுகளில் பற்றை மண்டிக் கிடக்கிறது.

தீவுகளில் ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழைதான் வருடம் முழுவதற்குமான தண்ணீர். அது சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. இயந்திரம் வைத்து அளவுக்கு மீறி இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே வந்துவிடும். பிறகு அந்தக் கிணறு குடிக்கவும் உதவாது. ஆகவே வேலணை, புங்குடுதீவு, நெடுந்தீவு மேட்டுக்காணிகளில் மழையை மட்டும் நம்பி மூன்று நான்கு மாதத்தில் அறுவடையாகும் பயிரே பொருத்தம். குரக்கன், சாமை, வரகு எல்லாம் அப்படிப்பட்டவை. நெல்லை விட மிகக் குறைந்த நீரில் விளைபவை. பள்ளமான நெல்வயலிலும் குரக்கனைப் போடு என்று சொல்பவர் கார்த்திகை வெள்ளத்தைப் பார்க்காதவர். வேரில் தண்ணீர் தேங்கினால் அந்தப் பயிர் நிற்காது.

இதெல்லாம் தீவு விவசாயிக்குத் தெரியாத செய்தி அல்ல. ஐக்கிய நாடுகள் சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததற்கு வெகுகாலம் முன்பே அவர்களுடைய பாட்டன்மார் விதைத்த தானியம் அது. பயிற்சிப் பட்டறை வைத்து, 'வரட்சியைத் தாங்கும் பயிர்' என்று சொல்லி, தேநீர் கொடுத்து அனுப்புவதற்குச் செலவு அதிகமில்லை. செலவாகிற விடயங்களைப் பார்ப்போம்.

நெல்லுக்கு அரசாங்கம் உத்தரவாத விலை அறிவிக்கிறது. 2025 பெப்ரவரியில் நாட்டு நெல் கிலோ 120 ரூபா என்றார்கள். அந்த விலைக்கு நெல் சந்தைப்படுத்தும் சபை வாங்கியது போதுமா என்பது வேறு சண்டை. ஆனால் சண்டை போடவாவது ஒரு விலை இருக்கிறது. குரக்கனுக்கு அதுகூட இல்லை. கட்டணமில்லாத பயிர்க் காப்புறுதி வந்தபோது நெல், சோளம், உருளைக்கிழங்கு, மிளகாய், பெரிய வெங்காயம், சோயா என்று ஆறு பயிர்களைச் சேர்த்தார்கள். வரட்சிக்கு விதைக்கச் சொல்லும் தானியம் அந்தப் பட்டியலில் இல்லை.

இன்னொன்று, தொழிற்சங்கக்காரர்கள் கூர்ந்து பார்க்க வேண்டியது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டம் குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்புத் தருகிறது, நெற்காணியில் மட்டும். மேட்டுக்காணியில் குரக்கன் போடுகிறவரை உரிமையாளர் அடுத்த வருடமே போகச் சொல்லலாம். தீவுகளில் இது சின்ன விடயம் அல்ல. 1990க்குப் பிந்திய இடப்பெயர்வில் ஊரே வெளிக்கிட்டது. காணிச் சொந்தக்காரர் பலர் இன்று கனடாவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருக்கிறார்கள். ஊரில் உள்ளவர் வாய்ப்பேச்சில் பயிர் செய்கிறார். கட்டாக்காலி மாடு புகாமல் நெடுந்தீவில் கல்வேலி கட்டவேண்டும், பற்றை வெட்டவேண்டும். ஒரு வருட வாய்ப்பேச்சை நம்பி யார் வேலி கட்டுவார்? சொந்தக் காணி இல்லாமல் உழைப்பது எப்படி என்று நம்மைக் கேட்டால் 200 வருடக் கதை சொல்லுவோம்.

அடுத்தது ஆலை. குரக்கனைக் கழுவிக் காயவைத்து நேரே அரைக்கலாம். சாமையும் வரகும் அப்படியல்ல, உமி லேசில் போகாது. உரலில் குத்துகிற வேலை முழுவதும் பெண்கள் தலையில்தான். தமிழ்நாட்டுக் கொல்லிமலையில் மரவள்ளி பரவிச் சாமை சுருங்கியதற்கு இந்த உரலும் ஒரு காரணம். பிறகு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊர்களுக்கு உமி நீக்கும் சிறு இயந்திரங்களைக் கொண்டுபோய், பெண்கள் குழுக்கள் மூலம் விற்பனைக்கு வழி செய்தது. தீவுகளில் முதலில் குரக்கன், இயந்திரம் வந்த பிறகு சாமை என்பது எங்கள் அபிப்பிராயம்.

யார் வாங்குவது? நாம் வாங்கலாம். நீலகிரியில் சிறீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் போன நம் உறவுகள் இன்றும் தேயிலைத் தோட்டங்களில் இருக்கிறார்கள். அந்த மாவட்டத்திலும் தருமபுரியிலும் 2023 முதல் ரேசன் கடையில் குடும்பத்துக்கு இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். நம் குரக்கன்தான் அங்கே கேழ்வரகு. மலைநாட்டிலும் பாடசாலை உணவுத் திட்டமும் கூட்டுறவுக் கடைகளும் இருக்கின்றன. தோட்டப் பாடசாலைகளில் வாரத்தில் இரண்டு நாள் குரக்கன் என்று முடிவானால், தீவு விவசாயிக்கு விதைக்கு முன்பே வாங்குபவர் யார் என்று தெரிந்துவிடும்.

எங்களுக்கும் ஒரு சந்தேகம் உண்டு, மறைக்கத் தேவையில்லை. 1973, 74இல் தோட்டங்களில் பட்டினியால் செத்தவர்களை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள், அரிசிக்குப் பதில் வேறொன்றைத் தின்னச் சொன்னாலே முகம் சுளிப்பார்கள். நியாயம். சத்துணவைக் காட்டிச் சம்பளப் பேச்சை ஒத்திப்போட யாரையும் விடக்கூடாது. குரக்கன் மா இன்று கோதுமை மாவை விட விலை கூட. இப்போதுள்ள நாட்சம்பளத்தில் அதை வாங்கச் சொல்வது கேலி. ஆகவே விலை வித்தியாசத்தை அரசாங்கம் ஏற்க வேண்டும் என்றும் சேர்த்தே கேட்கிறோம்.

குரக்கனுக்கு உத்தரவாத விலை, காப்புறுதியில் இடம், மேட்டுக்காணிக் குத்தகைக்கு எழுத்துப் பாதுகாப்பு, தீவுகளுக்கு உமி நீக்கும் இயந்திரம், பாடசாலைக் கொள்வனவு: இவற்றை வடக்கின் விவசாய அமைப்புகளோடு சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுக்க விரும்புகிறோம். புரட்டாதியில் நிலம் உழுமுன் அது போய்ச் சேர வேண்டும். தோட்டக் கிளைத் தலைவர்கள் அடுத்த கூட்டத்திலேயே இரண்டு விபரம் எடுத்து அனுப்புங்கள்: உங்கள் பாடசாலையில் உணவு பெறும் பிள்ளைகள் எத்தனை பேர், கூட்டுறவுக் கடையில் மாதம் எத்தனை கிலோ மா விற்கிறது.