ஐம்பதாயிரத்துக்குக் கணக்கு, ஐந்நூறு கோடிக்கு?

தேர்தல் அறிவித்துவிட்டால், மதுரை காளவாசல் வழியாக 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோகும் வியாபாரி பறக்கும் படையிடம் ஆவணம் காட்ட வேண்டும். பெயர் வெளியாகாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர உதவிய தேர்தல் பத்திரத்தில் கோடிகளைக் கொட்டியவர்களின் பெயரை அறியவோ, 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தையே ரத்து செய்ய வேண்டியிருந்தது. அப்போதும் பத்திரங்களை விற்ற ஸ்டேட் வங்கி விவரங்களைத் தர ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது, நீதிமன்றம் மறுத்தது. முதலில் வெளியானவை வாங்கியவர்கள், பணமாக்கிய கட்சிகள் என இரண்டு தனித்தனிப் பட்டியல்கள். மார்ச் 21-இல் பத்திர எண்கள் வந்த பிறகே யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று பொருத்திப் பார்க்க முடிந்தது. 2003-இல் லாட்டரியைத் தடை செய்த தமிழ்நாட்டில், லாட்டரி அதிபர் மார்ட்டினின் ஃபியூச்சர் கேமிங் நிறுவனம் 509 கோடி தந்ததாக திமுகவே தேர்தல் ஆணையத்திடம் தெரிவித்தது. பாஜக பெயர்களைத் தரவில்லை. திமுக சொன்னது நல்லது, ஆனால் அந்தப் பணத்தை வாங்கியிருக்கக் கூடாது. எந்தக் கட்சியானாலும், நன்கொடை வந்த வாரமே கொடுத்தவர் பெயரை வெளியிடச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும்.