காணாமற்போன வன்தட்டுகள்

பங்கு ஒன்றின் உபதேசியார் நமக்கு ஒரு மடல் விடுத்துள்ளார். அலுவலகத்து மேசைக் கணினியை வழக்கம்போல் ஒரு காலையில் இயக்கியபோது, கருந்திரையில் ஆங்கில அறிவிப்பு ஒன்று மட்டுமே தோன்றிற்றாம். அதனுள் ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்றில் விண்டோஸ் இருக்கிறது. மற்றதில் பங்கு மக்களின் குடும்ப விவரங்களும், மறைக்கல்வி மாணவர் பட்டியலும், பொன்விழா நிழற்படங்களும் உள்ளன. இரண்டையுமே கணினி காணவில்லை. பார்க்க வந்த பழுதுபார்ப்பவர், “டிஸ்க் போய்விட்டது, புதியதைப் போட்டு விண்டோஸ் ஏற்றித் தருகிறேன்” என்கிறாராம். செய்யலாமா என்று கேட்கின்றார் உபதேசியார்.

திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றுக்கான பதிவேடுகள் பங்குதோறும் இருத்தல் வேண்டுமென 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535ஆம் சட்டம் விதிக்கின்றது. அவை ஏட்டில் இருப்பதால் அவற்றுக்குத் தீங்கில்லை. ஆனால் ஏட்டில் ஏறாமல் தட்டில் மட்டுமே உள்ளவை எத்தனை! நம் இல்லங்களிலும் இதே நிலைதான். மறைந்த பெற்றோரின் குரலும், பிள்ளைகளின் புதுநன்மைப் படங்களும் அந்தச் சிறு பெட்டிக்குள் அடங்கிக் கிடக்கின்றன. ஆகவே இம்மடலுக்கு விரிவாகவே விடை பகர்வோம்.

முதற்கண், தட்டு தெரியவில்லை என்பதும் தட்டு அழிந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. தட்டு இயங்க மின்சாரம் வேண்டும்; செய்தியைக் கொண்டுசெல்ல மற்றொரு கம்பி வேண்டும்; தட்டை ஏற்கும்படி கணினியின் அமைப்பு இருத்தல் வேண்டும். இம்மூன்றில் எது தவறினும் தட்டு மறைந்ததுபோல் தோன்றும். மேலும், இரண்டு தட்டுகள் ஒரே நாளில் பழுதாவது அரிது. இரண்டும் ஒருங்கே மறைந்தால், இரண்டுக்கும் பொதுவாயுள்ள ஒன்றையே முதலில் ஐயுறவேண்டும்.

இனி ஆய்வின் படிகளைக் காண்போம்.

முதற்படி, பயோஸ் பக்கத்தைப் பார்ப்பது. கணினியை இயக்கிய உடனே டெலீட் அல்லது எஃப் 2 விசையை விட்டுவிட்டு அழுத்தினால் பெரும்பாலான கணினிகளில் இப்பக்கம் திறக்கும். அங்கே தட்டின் பெயர் காணப்பட்டால், கணினி தட்டை அறிகின்றது என்று பொருள். அப்போது குறை, எந்தத் தட்டிலிருந்து துவங்குவது என்னும் வரிசையிலோ விண்டோஸிலோ இருக்கக்கூடும். பெயரே இல்லையெனில், குறை கம்பியிலோ மின்சாரத்திலோ அமைப்பிலோ தட்டிலோ உள்ளது.

அப்பக்கத்திலேயே நாளும் நேரமும் சரியாக உள்ளனவா என்றும் நோக்குக. பல ஆண்டுகளுக்கு முந்தைய நாளைக் காட்டினால், மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற சிறு பேட்டரி தீர்ந்திருக்கலாம். பெரும்பாலும் அது சி.ஆர். 2032 என்னும் 3 வோல்ட் பேட்டரி, விலை சொற்பமே. அது தீர்ந்தால், நாம் முன்பு செய்துவைத்த அமைப்புகள் மாறிப்போகும். தட்டுகளுக்குரிய அமைப்பு ஏ.எச்.சி.ஐ. என்பதிலிருந்து ரெய்டு என்பதற்கோ, அன்றி இதற்கு மாறாகவோ திரும்பிவிட்டால், நல்ல தட்டிலிருந்தும் விண்டோஸ் துவங்காது. பேட்டரியை மாற்றி, பழைய அமைப்பை மீண்டும் வைத்தால் போதும்.

இரண்டாம் படி, கம்பிகளைச் சோதிப்பது. கணினியை நிறுத்தி, மின்கம்பியைச் சுவரிலிருந்து கழற்றிவிடுக. பின் இயக்கும் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் எஞ்சிய மின்சாரம் நீங்கும். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டே உள்ளே கைவைத்தல் வேண்டும். நம் உடலின் நிலைமின்சாரம் நுண்கருவிகளுக்குப் பகை. சாட்டா வகைத் தட்டில் இரண்டு இணைப்புகள் உண்டு. குறுகியது செய்திக்கு, அகன்றது மின்சாரத்துக்கு. இரண்டையும் கழற்றித் தூசி நீக்கி, அழுந்தச் செருகுக. கடலோர ஊர்களில் உப்புக் காற்றினால் இம்முனைகளில் களிம்பு ஏறுவதுண்டு. அதன் பின்னும் தெரியவில்லையெனில், செய்திக் கம்பிக்கு வேறொன்றை மாற்றியும், மதர்போர்டில் வேறொரு துளையில் செருகியும் பார்க்கவேண்டும். ஒரு முறைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுக. எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றினால் குறை எதில் இருந்தது என்பது விளங்காமற் போகும். அண்மையில் எம். 2 வகைப் புதிய தட்டு ஒன்றைச் சேர்த்திருப்பின், கணினியின் கையேட்டையும் பார்த்தல் நன்று. சில மதர்போர்டுகளில் அத்துளை பயன்படும்போது சாட்டா துளைகளில் ஒன்றிரண்டு செயலற்றுப்போகும்.

மூன்றாம் படி, மின்சாரத்தைச் சோதிப்பது. எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கியிலிருந்து வேறொரு கம்பியைத் தட்டுக்குக் கொடுத்துப் பார்க்கவேண்டும். இங்கு ஓர் எச்சரிக்கை: கழற்றி மாட்டும் கம்பிகள் கொண்ட எஸ்.எம்.பி.எஸ். ஆயின், வேறு நிறுவனத்தின் கம்பியை அதில் செருகவே கூடாது. முனை பொருந்தினும் மின்னோட்டத்தின் ஒழுங்கு வேறாயிருக்கும். நல்ல தட்டும் ஒரு நொடியில் கருகிவிடும்.

உபதேசியாருக்கு இவ்வழியையே எழுதினோம். அவருடைய கணினியில் இரண்டு தட்டுகளும் ஒரே கிளைக்கம்பியில் மின்சாரம் பெற்றிருந்தன; அதன் முனை கருகியிருந்தது. கம்பியை மாற்றியதும் இரண்டு தட்டுகளும் தெரிந்தன என்று மறுமடல் வந்துள்ளது. ‘டிஸ்க் போய்விட்டது’ என்ற சொல்லை நம்பியிருந்தால் பங்கின் உழைப்பனைத்தும் குப்பைக்குப் போயிருக்கும் அன்றோ!

எல்லாருக்கும் இத்தகைய நற்பேறு வாய்க்கும் என்று சொல்வதற்கில்லை. நான்காம் படி, தட்டையே சோதிப்பது. அதை வேறொரு கணினியில் மாட்டிப் பார்க்கலாம், யு.எஸ்.பி. இணைப்பான் வழியாகவும் பார்க்கலாம். மூன்றரை அங்குலத் தட்டுக்கு 12 வோல்ட் தேவைப்படுவதால், இணைப்பானுக்குத் தனி மின்சாரம் இருத்தல் வேண்டும். பிட்லாக்கர் பூட்டு இடப்பட்ட தட்டாயின் மீட்புத் திறவுகோலைக் கேட்கும். அந்த எண்ணை முன்னரே எழிதில் கிடைக்கும்படி தாளில் எழுதி வைத்திருப்பது நலம்.

சுழலும் தட்டாயின் காது கொடுத்துக் கேளுங்கள். மெல்லிய ரீங்காரம் நற்குறி. ‘டிக், டிக்’ என்று மீண்டும் மீண்டும் ஒலித்தால் உடனே நிறுத்திவிடுக. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் சேதம் மிகும். தட்டை ஒருபோதும் பிரித்துப் பார்க்கலாகாது. உள்ளே படிக்கும் முனைக்கும் சுழலும் தட்டுக்கும் இடைவெளி சில நானோமீட்டரே. தலைமயிரின் பருமனோ பல்லாயிரம் நானோமீட்டர். அங்கே ஒரு துகள் தூசியும் பாறை போன்றது. குளிர்ப்பெட்டியில் வைத்தால் சரியாகும் என்பாரின் சொல்லையும் கேளற்க. ஈரம் படிந்து உள்ளதும் கெடும். தட்டைத் துவக்கவோ ஃபார்மட் செய்யவோ விண்டோஸ் இசைவு கேட்டால், ‘வேண்டாம்’ என்றே விடையளியுங்கள். இந்நிலையில் தரவுமீட்பில் தேர்ந்தவரை நாடுவதே முறை. செலவு மிகுதியாதலால், உள்ளிருப்பதன் மதிப்பை எண்ணி முடிவு செய்க. பழைய தட்டைக் கடையில் விட்டுவராமல் திரும்பப் பெறுக. குடும்பங்களின் அந்தரங்கம் அதில் உள்ளது.

இவையெல்லாம் நோய் வந்தபின் மருந்து. நோய் வருமுன் காப்பது எளிது. இன்றியமையாதவற்றுக்கு மூன்று படிகள் இருக்கட்டும். அவை இருவேறு வகைச் சாதனங்களில் இருக்கட்டும். ஒன்றேனும் வேறோர் இடத்தில் இருக்கட்டும். இது கணினி வல்லுநர் கூறும் விதி. நம் திருச்சபைக்கு இது புதிதன்று. கோவில் ஆவணங்களின் பட்டியலை இரு படிகளாக எழுதி, ஒன்றைக் கோவிலிலும் மற்றொன்றை மறைமாவட்ட ஆவணக் காப்பகத்திலும் வைத்தல் வேண்டுமென 491ஆம் சட்டம் கூறுகின்றது.

எகிப்தில் யோசேப்பு ஏழு செழிப்பான ஆண்டுகளில் தானியத்தைச் சேர்த்துவைத்தமையால் பஞ்சத்தில் நாடு பிழைத்ததைத் தொடக்க நூலில் படிக்கிறோம். தட்டு நன்றாய் ஓடும் நாளே நமக்குச் செழிப்பான ஆண்டு. இம்மாதம் ஒரு ஞாயிறு மாலை, குடும்பத்தார் கூடியிருக்கும் வேளையில், கணினியில் உள்ளவற்றை வெளித்தட்டு ஒன்றில் படியெடுத்து, உடன்பிறந்தார் வீட்டு அலமாரியில் பத்திரப்படுத்துங்கள். படியெடுத்ததைத் திறந்து பார்த்து உறுதி செய்யவும் மறவாதீர்கள்.