இரண்டாவது மெக்கானிக்கிடம் போகும் முன்...

பேட்டரி போனால் புதிது வாங்கிப் போட்டுவிடலாம். டயர் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். ‘கியர்பாக்ஸில் வேலை’ என்று மெக்கானிக் சொன்னால் மட்டும் வீட்டில் ஒரு நிமிடம் பேச்சே நின்றுபோகிறது. எத்தனை நாள், எத்தனை ஆயிரம், அதுவரை வண்டிக்கு என்ன செய்வது என்று எல்லாரும் மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். அப்படிச் செலவு செய்து எடுத்துவந்த வண்டி இரண்டே வாரத்தில் மறுபடி முரண்டு பிடித்தால்? போன பணத்தைவிட, ‘இனி யாரை நம்பி வண்டியை விடுவது’ என்ற கேள்விதான் பெரிதாக நிற்கும்.

உதாரணத்துக்கு, பத்து வயதான ஒரு சின்ன காரை எடுத்துக்கொள்வோம். பெட்ரோல் வண்டி, ஐந்து கியர். என்ஜினின் சக்தி முன்சக்கரங்களுக்குப் போகும் வகை. கிளட்ச் நழுவுகிறது என்று பக்கத்துத் தெரு ஒர்க்‌ஷாப்பில் விட்டார்கள். கிளட்ச் செட் மாற்றி மூன்றாம் நாள் கொடுத்தார்கள். அன்றைக்கே கியர் போட கையை முறுக்க வேண்டியிருந்தது. “புது கிளட்ச் சார், ஓட ஓடப் பழகிடும்” என்றார் மெக்கானிக். பழகவில்லை. ரிவர்ஸ் போட்டால் ‘கர்ர்’ என்றது. வண்டி நின்ற இடத்தில் தரையில் ஆயில் சொட்டு. பதினைந்து நாளில் கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து ஒரு இரைச்சலும் சேர்ந்துகொண்டது. திரும்பக் கொண்டுபோனால், “பழைய பாக்ஸ் சார், உள்ளே எல்லாம் போயிருக்கு. வேற பாக்ஸ்தான் போடணும்” என்கிறார் அதே மெக்கானிக். வயதான அம்மாவை மாதாமாதம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும் வண்டி அது. ஏற்கெனவே கட்டிய பணம் போக, இன்னொரு பெரிய தொகைக்கு எங்கே போவது?

இந்தக் கட்டத்தில்தான் பலரும் இரண்டாவது மெக்கானிக்கைத் தேடுகிறார்கள். அவருடைய வேலை முதலாமவருடையதைவிடக் கடினம். முதலாமவருக்கு முன்னால் இருந்தது வண்டியின் கோளாறு மட்டும். இரண்டாமவருக்கு முன்னால் இருப்பது வண்டியின் கோளாறும், அதன்மேல் ஒருவர் செய்துவைத்த வேலையும். எது தேய்மானம், எது கைத்தவறு என்று பிரித்துப் பார்க்காமல் ஸ்பேனரைத் தொட்டால், அவரும் இன்னொரு தவறைச் சேர்க்கத்தான் போகிறார்.

கிளட்ச் மாற்றும் வேலை ஏன் கியர்பாக்ஸைப் பாதிக்கிறது என்பது பலருக்கும் புரிவதில்லை. இப்படிப்பட்ட கார்களில் கிளட்ச், என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் சாண்ட்விச் போல உட்கார்ந்திருக்கும். அதைத் தொட வேண்டுமானால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். அதற்கு முன் கியர் ஆயிலை வடிக்க வேண்டும். இரண்டு பக்கத்து டிரைவ் ஷாஃப்ட்களையும் உருவ வேண்டும். கியர் கேபிளைக் கழற்ற வேண்டும். மறுபடி ஏற்றும்போது இத்தனையும் அதனதன் இடத்தில் சரியாக உட்கார வேண்டும். கோளாறே இல்லாத கியர்பாக்ஸ்கூட, இறக்கி ஏற்றும் கையால் கெட்டுப்போக முடியும்.

நல்ல மெக்கானிக் முதலில் கேள்விதான் கேட்பார். எப்போதிலிருந்து இப்படி? வேலை முடிந்த அன்றேவா, சில நாள் கழித்தா? எல்லா கியருமா, ஒன்று மட்டுமா? அதன்பிறகு, ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் சில சோதனைகள் செய்வார். இவற்றை வண்டிக்காரரே செய்து பார்க்கலாம்.

என்ஜின் அணைந்திருக்கும்போது எல்லா கியரும் வழுக்கிக்கொண்டு விழுகின்றன. ஸ்டார்ட் செய்தால் மட்டும் எதுவும் விழ மறுக்கிறது என்றால், பெரும்பாலும் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. பல சின்ன கார்களில் ரிவர்ஸ் கியருக்கு மட்டும் சிங்க்ரோனைசர் கிடையாது. அதனால் கிளட்ச் சரியாக விடவில்லை என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது ரிவர்ஸின் ‘கர்ர்’ சத்தம்தான். என்ஜின் அணைந்திருந்தும் கியர் லீவர் தடுமாறினால், கேபிளையும் லிங்க்கேஜையும் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு கியர் மட்டும் அரைத்தால் அந்த கியரின் சிங்க்ரோனைசர் மேல் சந்தேகம் வரும். போட்ட கியர் ஓடும்போது தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால், அது பாக்ஸுக்கு உள்ளே இருக்கும் தேய்மானமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சத்தத்துக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. வண்டி நியூட்ரலில் நிற்கிறது. கிளட்ச் பெடலை மிதிக்கும்போதுதான் சத்தம் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங். மிதித்தால் நின்று, காலை எடுத்தால் சத்தம் வந்தால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். ஒன்று வெளியே இருப்பது, மற்றது உள்ளே இருப்பது. இந்த ஒரு நிமிடச் சோதனை, செலவுக் கணக்கையே மாற்றிவிடும்.

சிங்க்ரோனைசர் என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. வேறு வேறு வேகத்தில் சுற்றும் இரண்டு பாகங்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து, பிறகு பல்லோடு பல் சேரவைக்கும் வளையம் அது. பெரும்பாலும் பித்தளையால் ஆனது. 1928-ல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் இந்த ஏற்பாடு வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு கியருக்கும் இரண்டு முறை கிளட்ச் மிதித்து, வேகத்தைக் காதால் கணித்துத்தான் ஓட்டினார்கள். அந்த வளையம் வேலை செய்ய அளவான உராய்வு வேண்டும். தவறான ஆயிலை ஊற்றினால் அந்த உராய்வு கெடும்.

பல மேனுவல் கியர்பாக்ஸ்களுக்குக் கார் கம்பெனி சொல்வது ஜி.எல்-4 தர ஆயில். ஜி.எல்-5 என்பது பெரும்பாலும் பின்பக்க டிஃபரன்ஷியலின் கடும் அழுத்தத்துக்காகத் தயாராவது. அதில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் கூடுதல். ‘நம்பர் பெரிசு, அப்போ தரமும் ஒசத்தி’ என்று நினைத்து அதை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வளையம் வழுக்கும், சிலவகை ஆயில்களில் பித்தளையும் அரிக்கப்படும். பலன், கியர் அரைப்பு. வண்டியோடு வந்த கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் சரியான ஆயில். கடைக்காரர் கையில் அன்றைக்கு என்ன இருக்கிறது என்பதல்ல.

ஆயிலின் தரத்தைப் போலவே அளவும் முக்கியம். சின்ன காரின் கியர்பாக்ஸ் சுமார் இரண்டு லிட்டர் ஆயிலை நம்பி ஓடுகிறது. என்ஜினில் ஆயில் அழுத்தம் குறைந்தால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். கியர் ஆயிலுக்குப் பெரும்பாலான மேனுவல் கார்களில் விளக்கும் இல்லை, டிப்ஸ்டிக்கும் இல்லை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பக்கவாட்டில் இருக்கும் ஃபில்லர் பிளக்கைக் கழற்றி, துளையின் விளிம்புவரை ஆயில் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் வழக்கமான முறை. இதைச் செய்ய ஐந்து நிமிடம் போதும். முதல் மெக்கானிக் செய்யாமல் விட்டது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்து, ஆயிலை ஒரு சுத்தமான தட்டில் வடிக்க வேண்டும். டிரெய்ன் பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பது பாக்ஸின் ஜாதகம். சாம்பல் நிறத்தில் மைபோலக் குழைந்த படிவு வயதான வண்டிக்கு சகஜம். ஆயிலில் மஞ்சளாக மினுக்கும் பொடி தெரிந்தால் பித்தளை வளையங்கள் தேய்கின்றன. செதில்களோ, உடைந்த பல்லின் துண்டோ கிடைத்தால்தான் பாக்ஸைப் பிரித்தே ஆக வேண்டும். வடித்துப் பார்க்காமலே ‘பாக்ஸ் போச்சு’ என்று சொல்பவரிடம், ‘எதை வைத்துச் சொல்கிறீர்கள்?’ என்று கேட்பதில் தவறே இல்லை.

நாம் எடுத்துக்கொண்ட காரை மறுபடி இறக்கிப் பார்க்கிறார் இரண்டாமவர் என்று வைத்துக்கொள்வோம். முதலில் தெரிவது, புது கிளட்ச் பிளேட் லேசாக வளைந்திருப்பது. கியர்பாக்ஸை ஏற்றும்போது ஜாக்கியால் கடைசிவரை தாங்கிப் பிடிக்காமல், இன்புட் ஷாஃப்ட் பிளேட்டில் நுழைந்ததும் கையை விட்டிருக்கிறார்கள். பாக்ஸின் மொத்த எடையும் அந்த மெல்லிய பிளேட்டில் தொங்கியிருக்கிறது. வளைந்த பிளேட் ஃப்ளைவீலை முழுதாக விடாது. கியர் விழாததற்குக் காரணம் அதுதான். எவ்வளவு ஓடினாலும் அது பழகாது.

இரண்டாவது, டிரைவ் ஷாஃப்ட் நுழையும் இடத்தின் ஆயில் சீல். ஷாஃப்ட்டைக் கோணலாகத் தள்ளியதில் அதன் ரப்பர் உதடு கிழிந்திருக்கிறது. தரையில் விழுந்த சொட்டு அங்கிருந்து வந்தது. மூன்றாவது, என்ஜினையும் கியர்பாக்ஸையும் நேர்கோட்டில் நிறுத்தும் இரண்டு டவல் பின்களில் ஒன்றைக் காணோம். அது இல்லாமல் போல்ட் முறுக்கினால் இரண்டும் மயிரிழை விலகி நிற்கும். அந்த விலகலின் சுமை முழுவதும் பேரிங் மேல் விழும். ஆயிலும் குறைய, நேர்கோடும் தவற, இன்புட் பேரிங் இரைய ஆரம்பித்துவிட்டது. ஆனால், காந்தத்தில் சாம்பல் மைதான்; பல்லோ செதிலோ இல்லை. கியர்களும் வளையங்களும் நலம்.

ஆக, வேறு பாக்ஸ் தேவையில்லை. ஒரு பிளேட், இரண்டு பக்கமும் ஆயில் சீல், ஒரு டவல் பின், ஒரு பேரிங், கம்பெனி சொன்ன ஆயில். இதில் பேரிங் மட்டும்தான் பாக்ஸைப் பிரிக்கவைக்கும் வேலை. முதல் நாள் சொட்டு விழுந்தபோதே வண்டியை நிறுத்தியிருந்தால் அந்தச் செலவும் மிஞ்சியிருக்கும். ‘ஓட ஓடப் பழகிடும்’ என்ற வார்த்தையை நம்பி ஓட்டிய பதினைந்து நாளின் விலை அது.

உள்ளே நிஜமாகவே பல் உடைந்திருந்தால் என்ன செய்வது? சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் கழற்றிய பாக்ஸ் வாங்கிப் போடுவது ஒரு வழி. அது எந்த வண்டியிலிருந்து வந்தது, எவ்வளவு ஓடியது என்று சொல்ல ஆள் இருக்காது. ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பார்த்து, ஆயில் துளையில் விரலை விட்டுப் பார்த்து, எழுத்தில் உத்தரவாதம் வாங்கிக்கொண்டுதான் எடுக்க வேண்டும். இருக்கும் பாக்ஸையே பிரித்துச் சரிசெய்தால் நாள் கூடும். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியும்.

ஏ.எம்.டி., ஆட்டோமேட்டிக் வண்டிகள் வைத்திருப்போருக்கு இன்னும் எச்சரிக்கை வேண்டும். 2014-ல் மாருதி செலெரியோவோடு இங்கே பரவத் தொடங்கிய ஏ.எம்.டி.யில், கிளட்ச் மிதிப்பதும் கியர் மாற்றுவதும் கம்ப்யூட்டரின் வேலை. புது கிளட்ச் போட்டால் அது எந்தப் புள்ளியில் பிடிக்கிறது என்பதை ஸ்கேனர் மூலம் அந்தக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் கொடுத்த வண்டி குலுங்கும், தயங்கும். ஸ்பேனர் வேலை சுத்தமாக இருந்தும் வண்டி கெட்ட பெயர் வாங்கும். ஆட்டோமேட்டிக்கில் சி.வி.டி. ஆயில் வேறு, மற்றவகை ஆயில் வேறு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஊற்றுவது, சாதாரண ரிப்பேரைப் பெரிய ரிப்பேராக மாற்றும் குறுக்குவழி.

வண்டிக்காரர் செய்ய வேண்டியதும் இருக்கிறது. இரண்டாவது மெக்கானிக்கிடம் முதல் வேலையை மறைக்கக் கூடாது. ‘அங்கே போனோம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வாரோ’ என்று சிலர் வாயைத் திறப்பதில்லை. டாக்டரிடம் முன்பு சாப்பிட்ட மாத்திரையை மறைப்பதற்குச் சமம் அது. பழைய பில், மாற்றிய பாகங்களின் பெட்டி, ஊற்றிய ஆயிலின் பெயர் எல்லாவற்றையும் எடுத்துப்போக வேண்டும். எதைப் பிரிக்கப்போகிறார், உத்தேசச் செலவு என்ன, அதைத் தாண்டினால் கேட்டுவிட்டுச் செய்வாரா என்பதை எழுதி வாங்கலாம். பிரித்த நிலையில் போட்டோ அனுப்பச் சொல்லலாம். கழற்றிய பாகங்களை ஒரு பையில் போட்டுத் திருப்பித் தரச் சொல்வதும் வண்டிக்காரரின் உரிமை.

முதலாமவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்க நினைத்தால், அந்தப் பைதான் சாட்சி. முதலில் நேரில், பிறகு எழுத்தில் கேட்டுப் பார்க்கலாம். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. காசு வாங்கிச் செய்த ரிப்பேர், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒரு சேவை. அதில் குறை இருந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் பில் இல்லாமல், ‘நம்ம பையன்தான்’ என்று கையில் காசு கொடுத்த வேலைக்கு அங்கே போய் நிற்பது சிரமம்.

நல்ல இரண்டாவது மெக்கானிக்கை எப்படிக் கண்டுபிடிப்பது? போர்டின் அளவு உதவாது. முதலாமவரை எவ்வளவு திட்டுகிறார் என்பதும் உதவாது. அவசரமும் குறைந்த கூலியும் எந்தக் கையையும் தவறவைக்கும் என்பது தொழில் தெரிந்தவருக்குத் தெரியும். “இறக்கிப் பார்க்காம சொல்ல மாட்டேன் சார். பார்த்துட்டு, எது நல்லா இருக்குன்னும் சொல்றேன்” என்கிறாரா? எது கெட்டது என்று பட்டியல் போட எல்லாராலும் முடியும். எது நல்லா இருக்கிறது, எதைத் தொட வேண்டாம் என்று சொல்பவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.